ஆள்பவரின் கோபமும் ஆற்றும் சொல்லும்: செங்கல்பட்டுச் சீமையின் சில பாடங்கள்



இந்த வாரப் பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, காபியை வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

உங்களில் பலர் இன்று மறைமலைநகர் தொழிற்சாலைகளிலும், பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களிலும், வங்கியிலும், வருவாய்த் துறையிலும், பள்ளிக்கூடங்களிலும் வேலை பார்க்கிறீர்கள். பேசும்போதெல்லாம் ஒரு குறை மட்டும் மாறாமல் வருகிறது: "மேலதிகாரி எல்லார் முன்னாலேயும் கத்துறார் சார். ஒண்ணு நாமளும் கத்தணும், இல்லேன்னா வேலையை விட்டுட்டுப் போகணும்." இந்த இரண்டைத் தவிர மூன்றாவது வழி இல்லையா என்பதுதான் கேள்வி. எனக்குத் தெரிந்த பாடம் வரலாறு ஒன்றுதான். ஆகவே வரலாற்றின் வழியாகவே பதில் தேடுவோம். அதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. செங்கல்பட்டிலிருந்து கடற்கரை வரையுள்ள நம் மண்ணே போதும்.

முதலில் ஒரு வசனம்

பைபிளில் பிரசங்கி என்று ஒரு சிறிய நூல் உண்டு. அதன் 10ஆம் அதிகாரம் 4ஆம் வசனத்தின் கருத்தை என் சொற்களில் சொல்கிறேன். உன்னை ஆள்பவனுக்கு உன்மேல் கோபம் மூண்டால், நீ நிற்கிற இடத்தை விட்டுப் போய்விடாதே. நிதானம் பெரிய பிழைகளைக்கூட ஆற்றிவிடும். "நிதானம்" என்று நான் சொன்ன இடத்தில் எபிரேய மூலத்தில் இருக்கும் சொல்லுக்குக் குணமாக்குதல், ஆற்றுதல் என்ற பொருளும் உண்டு. இது நம் தமிழுக்கு மிக அருகில் வருகிறது. நமக்கும் புண் ஆறும், பால் ஆறும், சினம் ஆறும். மூன்றுக்கும் ஒரே வினைச்சொல்தான். மூன்றுக்கும் நேரம் வேண்டும். ஊதி ஊதிப் பாலை ஆற்றலாம், ஊதி ஊதி நெருப்பை வளர்க்கவும் செய்யலாம். எதை ஊதுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

இதே கருத்து நீதிமொழிகளிலும் வருகிறது. 15ஆம் அதிகாரம் மென்மையான பதில் கோபத்தைத் திருப்பிவிடும் என்கிறது. 16ஆம் அதிகாரம் அரசனின் கோபத்தைச் சாவின் தூதுவனுக்கு ஒப்பிட்டு, அறிவுள்ளவன் அதைத் தணிப்பான் என்கிறது. 25ஆம் அதிகாரம், நீண்ட பொறுமை ஆள்பவனையும் இணங்க வைக்கும், மென்மையான நாவு எலும்பையும் முறிக்கும் என்று சொல்கிறது. எலும்பை முறிக்கும் என்ற சொல்லைக் கவனியுங்கள். இது கோழையின் மென்மை இல்லை.

திருவள்ளுவர் இதற்கென்றே "மன்னரைச் சேர்ந்தொழுகல்" என்று 70ஆம் அதிகாரத்தை ஒதுக்கியிருக்கிறார். குளிர் காய்பவர் நெருப்பிடம் நடந்துகொள்வதுபோல, மிக நெருங்காமலும் மிக விலகாமலும் இருக்க வேண்டும் என்பது அதன் முதல் குறளின் கருத்து. எருசலேமும் தமிழகமும் ஒரே விஷயத்தைத் தனித்தனியாகக் கண்டுபிடித்திருக்கின்றன. அதிகாரமும் கோபமும் சேர்ந்தால் நெருப்பு என்பது எந்த ஊரிலும் ஒன்றுதான்.

கோவூர் கிழார் செய்தது

சங்க காலத்தில் சோழன் கிள்ளிவளவன் தன் பகைவனான மலையமானின் சிறு பிள்ளைகளைப் பிடித்து யானைக் காலில் இடும்படி ஆணையிட்டான். அந்த மன்றத்தில் நின்று பேசியவர் புலவர் கோவூர் கிழார். புறநானூற்றின் 46ஆம் பாட்டு அது. அவர் என்ன பேசினார் என்று பாருங்கள். "நீ கொடியவன்" என்று அவர் தொடங்கவில்லை. புறாவுக்காகத் தன்னையே கொடுத்த சோழர் குலத்தின் பெருமையை முதலில் நினைவூட்டினார். அடுத்து, புலவர்களின் வறுமைக்கு இரங்கித் தம் உணவைப் பகிர்ந்து கொடுத்தவர்களின் வழிவந்த பிள்ளைகள் இவர்கள் என்றார். பிறகு அந்தக் குழந்தைகளைக் காட்டினார். யானையைப் பார்த்த வியப்பில் அழுகையையே மறந்துவிட்ட குழந்தைகள், புதிய மன்றத்தைப் பார்த்து மருளுகிறார்கள். கடைசியில், நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன், இனி நீ விரும்பியதைச் செய் என்று முடித்துக்கொண்டார். பிள்ளைகள் உயிர் பிழைத்தார்கள்.

கோபத்தில் இருப்பவன் தன்னையே மறந்திருப்பான். அவன் யார் என்று அவனுக்கு ஞாபகப்படுத்துவதுதான் முதல் வேலை. பைபிளில் அபிகாயில் செய்ததும் இதுவே. தன் கணவன் நாபாலின் முரட்டுப் பேச்சால் கொதித்துப்போய் 400 பேரோடு புறப்பட்டு வந்த தாவீதை அவள் பாதி வழியில் எதிர்கொண்டாள். கையில் 200 அப்பமும் மற்ற உணவுகளும் கொண்டுபோனாள். கணவன் செய்ததைச் சரியென்று அவள் வாதாடவில்லை. நாளைக்கு அரசனாகப் போகிற உன் மனத்தில் வீணாய்ச் சிந்திய இரத்தத்தின் உறுத்தல் இருக்க வேண்டாமே என்றாள். தாவீது திரும்பிப் போனான்.

சதுரங்கப்பட்டினத்தில் தோற்ற பேச்சு

இனி நம் கடற்கரைக்கு வருவோம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்தை ஒட்டியுள்ள சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டையை உங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள். 1754 ஜனவரியில் அந்த ஊரில் ஒரு சமாதானப் பேச்சு நடந்தது. கர்நாடக நவாப் பட்டத்துக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஆண்டுக்கணக்கில் அடித்துக்கொண்டு, கருங்குழி, செங்கல்பட்டு, கோவளம் எல்லாம் கை மாறி மாறிப் போயிருந்த நேரம். டச்சுக்காரர் இடம் நடுநிலையான இடம் என்று அங்கே கூடினார்கள். சென்னை தரப்பில் பால்க், வான்சிட்டார்ட். புதுச்சேரி தரப்பில் டூப்ளேயின் ஆட்கள்.

பேச்சு சில நாட்களுக்கு மேல் தாங்கவில்லை. மொகலாயப் பேரரசரிடமிருந்து வந்ததாகப் பிரெஞ்சுக்காரர் காட்டிய ஆவணங்கள் போலி என்றார்கள் ஆங்கிலேயர். நீங்கள் ஆதரிக்கும் நவாபே நவாப் இல்லை என்றார்கள் பிரெஞ்சுக்காரர். ஒருவரையொருவர் பொய்யர் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். அதே ஆண்டு டூப்ளே பதவி இழந்து பிரான்சுக்குத் திருப்பி அழைக்கப்பட்டார். ஆவணத்தைப் பற்றி யார் சொன்னது சரி என்பது வேறு கேள்வி. சரியான குற்றச்சாட்டைக்கூடப் பேச்சு முறியும்படியும் சொல்லலாம், பேச்சு தொடரும்படியும் சொல்லலாம் என்பதற்காகத்தான் இதைச் சொன்னேன்.

சாட்டைகளுக்கு நடுவே ஒரு பாதிரியார்

இந்தப் பதிவின் முக்கியமான கதை இனிமேல்தான். 1763இல் நவாப் முகமது அலி செங்கல்பட்டுச் சீமையைக் கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்தார். பழைய ஆவணங்களில் "ஜாகீர்" என்றாலே நம் ஊர்தான். இந்த ஜாகீரின் தலையெழுத்து மைசூரில் இருந்த ஒருவரின் கோபத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் ஹைதர் அலி.

ஹைதரின் கோபத்துக்கு நியாயமான காரணங்கள் இருந்தன. 1769இல் அவர் சென்னையின் வாசல்வரை வந்து கும்பினியை உடன்படிக்கையில் கையெழுத்துப் போட வைத்தார். ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் உதவுவது என்பது ஒப்பந்தம். அடுத்த ஆண்டே மராட்டியர் மைசூர்மேல் படையெடுத்தபோது கும்பினி விரலைக்கூட அசைக்கவில்லை. 1779 மார்ச்சில் ஆங்கிலேயர் மாஹேயைப் பிடித்தார்கள். ஹைதருக்கு ஆயுதங்கள் வந்து இறங்கிய துறைமுகம் அது. அதோடு அவருடைய பொறுமை முடிந்தது.

அப்போதைய சென்னை ஆளுநர் தாமஸ் ரம்போல்ட், ஹைதரின் மனநிலையை அறிந்துவர ஒரு தூதரைத் தேடினார். அவர் தேர்ந்தெடுத்தது ஒரு படைத்தலைவரையோ வணிகரையோ இல்லை. தஞ்சாவூரிலும் திருச்சியிலும் ஊழியம் செய்துவந்த ஜெர்மானியப் பாதிரியார் கிறிஸ்டியன் பிரடெரிக் சுவார்ட்ஸை அழைத்தார். 1726இல் பிறந்து, 1750இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கி, தமிழும் மராத்தியும் பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றவர் அவர். கும்பினி ஆட்களை நம்பாத ஹைதர் இந்த ஒருவரை மட்டும் நம்பினார்.

சுவார்ட்ஸ் ஐயர் யோசித்துத்தான் ஒப்புக்கொண்டார். போர் வந்தால் சாவது ஏழைகள், அதைத் தடுக்க முடிந்தால் போகலாம் என்பது அவர் எண்ணம். ஒரு தீர்மானமும் செய்துகொண்டார்: இந்தப் பயணத்தில் யாரிடமும் பரிசு வாங்கக் கூடாது.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அவர் கண்டதைக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். ஹைதரின் ஆட்சியில் தண்டனை கொடுக்க 200 சாட்டைக்காரர்கள் எப்போதும் தயாராக நிற்பார்கள். அதிகாரி, உறவினர் என்ற வேறுபாடு கிடையாது. ஹைதருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒருவரிடம் கடிதம் எழுதச் சொல்லி வாசிக்கக் கேட்பார். பிறகு வேறொருவரைக் கூப்பிட்டு அதையே வாசிக்கச் சொல்வார். சொன்னதிலிருந்து எழுதியது கொஞ்சம் விலகியிருந்தாலும் எழுதியவனின் தலை தப்பாது. அப்படிப்பட்ட அரசவை அது.

அந்த அவையில் சுவார்ட்ஸ் ஐயர் ஹைதரின் பக்கத்தில் கம்பளத்தில் உட்கார்ந்து, மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் நேரடியாகப் பேசினார். ஹைதர் ஆங்கிலேயர் செய்த துரோகங்களை வரிசையாகச் சொன்னார். சுவார்ட்ஸ் ஐயர் குறுக்கே பேசவில்லை. கும்பினி செய்ததை எல்லாம் நியாயப்படுத்தவும் இல்லை. சமாதானம் வேண்டும் என்ற ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். தன் குறைகள் அனைத்தையும் அடுக்கிய ஒரு கடிதத்தை ஹைதர் அவர் கையில் கொடுத்தனுப்பினார். சமாதானத்துக்கு அப்போதும் கதவு திறந்துதான் இருந்தது.

புறப்படும்போது வழிச்செலவுக்கு 300 ரூபாய் கொண்ட பையை ஹைதர் கொடுத்தார். மறுத்தால் அவமதிப்பு, வாங்கினால் தீர்மானம் போய்விடும். சுவார்ட்ஸ் ஐயர் பையை வாங்கிவந்து அப்படியே கும்பினியிடம் ஒப்படைத்தார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் வற்புறுத்தவே, அதை ஒரு தர்மப் பள்ளிக்கூடத்துக்கு முதலாக்கினார். அமைதியாகப் பேசுகிறவனுக்குக் கை சுத்தமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த அமைதியை எதிரே இருப்பவர் விலை என்றுதான் நினைப்பார்.

அமைதி தோற்றபோது ஜாகீர் எரிந்தது

இப்போது வகுப்பில் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கேள்வி வரும், எனக்குத் தெரியும். "இவ்வளவு நன்றாகப் பேசியும் போர் வந்ததே சார், பிறகு என்ன பிரயோஜனம்?"

நியாயமான கேள்வி. ஹைதரின் கடிதத்துக்குக் கும்பினி உருப்படியாக எந்தப் பரிகாரமும் செய்யவில்லை. 1780 ஜூலையில் ஹைதரின் பெரும்படை கணவாய்களைத் தாண்டிக் கீழே இறங்கியது. செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் கர்னல் பெய்லியின் சுமார் 3,700 பேர் கொண்ட படை அழிந்தது. சில மைல் தூரத்தில் இருந்த தளபதி மன்றோ உதவிக்குப் போய்ச் சேரவில்லை. பெரிய பீரங்கிகளைக் காஞ்சிபுரம் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கி, அங்கிருந்து சென்னைக்குப் போனார். இடையில் இருந்த கிராமங்களைக் காக்க யாரும் இல்லை. வயல்கள் எரிந்தன, ஏரிக்கரைகள் உடைந்தன, குடிகள் ஓடினார்கள். பல ஊர்கள் ஆண்டுக்கணக்கில் ஆளில்லாமல் கிடந்தன. ஒருவர் பக்குவமாகப் பேசுவதால் மட்டும் அநியாயம் நியாயமாகிவிடாது. அவரை அனுப்பியவர்கள் அதற்குத் தகுந்தபடி நடக்கவும் வேண்டும்.

ஆனால் சுவார்ட்ஸ் ஐயர் பேசியது வீண் போகவில்லை. போரின் நடுவிலும், இந்தப் பெரியவரைத் தடுக்காமல் மரியாதையாகப் போகவிடுங்கள் என்று ஹைதர் தன் ஆட்களுக்கு உத்தரவு கொடுத்திருந்தார். தஞ்சாவூரில் பஞ்சம் வந்தது. கோட்டைக்குள் நெல் இல்லை. விளைந்த நெல்லும் வண்டி மாடும் வைத்திருந்த குடியானவர்கள் அரசரின் வாக்கையும் கும்பினியின் வாக்கையும் நம்பத் தயாராக இல்லை. பணம் நான் தருகிறேன் என்று சுவார்ட்ஸ் ஐயர் சொன்ன பிறகு, இரண்டு மூன்று நாளில் 1,000 மாடுகள் வந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது. கோபக்கார அரசன் முன் பொய் சொல்லாத நாவுக்கு ஊரும் கடன் கொடுத்தது. அவர் 1798 பிப்ரவரி 13 அன்று தஞ்சாவூரில் காலமானார்.

மதுராந்தகம் கருங்கற்கள்

எரிந்துபோன ஜாகீரைத் திரும்பக் கட்டி எழுப்பும் பொறுப்பு 1794இல் லியோனல் பிளேஸ் என்ற கலெக்டரிடம் வந்தது. கடும் உழைப்பாளி. ஏரிகளைப் பழுது பார்த்தார். அதே நேரம் தன் சொல்லே சட்டம் என்று நினைக்கும் கண்டிப்புக்காரர். 1798 வரை அவர் இங்கே இருந்த காலத்தில் அதிர்ந்துபோகாத கிராமம் குறைவு.

மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கோயிலின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். இராமானுஜருக்குப் பெரிய நம்பி மகிழ மரத்தடியில் தீட்சை கொடுத்த தலம் என்று வைணவர்கள் போற்றும் கோயில் அது. ஏரி மாவட்டத்திலேயே பெரியது. மழைக்காலத்தில் கரை உடைவதும் பணம் கொட்டிக் கட்டுவதும் அப்போது வாடிக்கையாக இருந்தது. கோயில் மரபு சொல்லும் கதைப்படி, ஆய்வுக்கு வந்த பிளேஸ் துரை கோயிலுக்குள் கருங்கற்கள் குவிந்து கிடப்பதைப் பார்த்தார். ஊரே மூழ்கும்போது இந்தக் கற்களை ஏரிக்கரைக்குப் போடாமல் ஏன் சும்மா வைத்திருக்கிறீர்கள் என்று சினந்தார். தாயார் சந்நிதி கட்ட வைத்திருக்கிறோம், பணம் போதாமல் நிற்கிறது என்று அர்ச்சகர்கள் பணிவாகச் சொன்னார்கள். உங்கள் சாமியால் ஏரியைக் காக்க முடியாதா என்று துரை ஏளனமாகக் கேட்டார். மனதார வேண்டினால் காப்பார் என்று அவர்கள் பதில் சொன்னார்கள். இந்த ஆண்டு கரை உடையாவிட்டால் சந்நிதியை நானே கட்டித் தருகிறேன் என்றார் துரை. அந்த மழைக்காலத்தில், கொட்டும் இரவில், வில்லேந்திய இரண்டு இளைஞர்கள் கரையில் காவல் நிற்பதை அவர் கண்டார் என்பது மரபு. கரை உடையவில்லை. சந்நிதி எழுந்தது.

அந்த இரவில் துரை கண்டது என்ன என்பது நம்பிக்கையின் விஷயம், அதை நம்பிக்கைக்கே விடுவோம். ஜனகவல்லித் தாயார் சந்நிதி, ஜாகீர் கலெக்டர் பிளேஸ் துரையின் தர்மம் என்று சொல்லும் தமிழ்க் கல்வெட்டு இன்றும் அங்கே இருக்கிறது. போகிறவர்கள் பார்த்து வாருங்கள்.

நான் கவனிப்பது அர்ச்சகர்களின் பதிலை. அதிகாரி கேட்டார் என்று கற்களைத் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. அவரை நாத்திகன் என்று திட்டவும் இல்லை. கோயிலைப் பூட்டிவிட்டு ஓடவும் இல்லை. கற்கள் எதற்காக என்று காரணம் சொன்னார்கள், தங்கள் நம்பிக்கையைச் சொன்னார்கள், நின்ற இடத்திலேயே நின்றார்கள். பிரசங்கி சொன்ன "நிற்கிற இடத்தை விடாதே" என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கவுரை எனக்குக் கிடைக்கவில்லை. இத்தனைக்கும் அவர்கள் பைபிளைப் படித்தவர்கள் இல்லை.

ஊரை விட்டுப் போனவர்களும் ஏட்டை எடுத்து வந்தவர்களும்

பிளேஸின் கோபத்துக்கு வேறு விதமான பதில்களும் வந்தன. அவர் வைத்த குத்தகை நிபந்தனைகளை ஏற்க மறுத்த மிராசுதாரர்களை நிலத்திலிருந்து நீக்கி, வேறு ஆட்களை அமர்த்தினார். அப்போது குடிகள் கூட்டமாக ஊரை விட்டு வெளியேறினார்கள். அது நம் நாட்டின் பழைய எதிர்ப்பு முறை. உழுகிறவன் போய்விட்டால் வரி ஏது? அரசர்கள் காலத்தில் அது வேலை செய்தது. பிளேஸோ, காலி இடத்தில் வேறு ஆளை உட்கார வைத்துவிடலாம் என்று நினைத்தவர். போனவர்களில் பலருக்கு இடம் போயிற்று.

இன்னொரு பதில் மெதுவாக வந்தது. மிராசுதாரர்கள் மனு எழுதினார்கள். பட்டயங்கள், ஓலைகள், கோயில் கல்வெட்டுகள் என்று பழைய சான்றுகளைத் தேடி எடுத்தார்கள். சுமார் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, சென்னை கலெக்டராக இருந்த பிரான்சிஸ் வைட் எல்லிஸ் அந்தச் சான்றுகளைச் சங்கரய்யாவின் துணையோடு ஆராய்ந்தார். நாம் எல்லீசன் என்று அழைக்கும், குறளுக்கு உரை எழுதிய அதே எல்லிஸ்தான். மிராசு உரிமை பற்றிய 17 கேள்விகளுக்கு அவர் எழுதிய பதில்கள் 1818இல் அச்சாயின. அது பரம்பரை உரிமை என்பதை அவை வலுவாக நிலைநாட்டின. நீண்ட பொறுமை ஆள்பவனை இணங்க வைக்கும் என்ற வசனத்துக்கு இது ஓர் எடுத்துக்காட்டு. கத்தினால் அந்த நேரத்துக்கு மட்டும்தான் கேட்கும். காகிதத்தில் ஆதாரத்தோடு எழுதினால் இருபது ஆண்டு கழித்தும் அது பேசும். அலுவலகத்தில் இருப்பவர்கள் இதை மறக்காதீர்கள்.

வாய் திறக்க இடமில்லாதவர்கள்

இங்கே நிறுத்தினால் பாடம் பாதிதான். மிராசுதாரரிடம் பட்டயம் இருந்தது, மனு எழுத ஆள் இருந்தது. அவருடைய வயலில் சேற்றில் நின்ற பண்ணையாளிடம் என்ன இருந்தது? அவன் குடிசை நின்ற மனையே மிராசுதாரருடையது. எதிர்த்து ஒரு சொல் சொன்னால் அன்றிரவே வீடு இல்லை. "கோபக்காரனுக்கு மெதுவாகப் பதில் சொல்" என்று அவனுக்கு உபதேசம் செய்வது அக்கிரமம். அவன் ஏற்கெனவே பேசாமல்தான் இருந்தான். அவனுடைய மௌனத்துக்கு நிதானம் என்று பெயர் வைக்கக் கூடாது.

அவர்களுக்காகப் பேசியவர்கள் உண்டு. செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து சுதந்திரத் திருச்சபையின் மிஷனரியாக இருந்த ஆடம் ஆண்ட்ரூ அவர்களில் ஒருவர். 1891இல் செங்கல்பட்டின் பொறுப்புக் கலெக்டராக இருந்த டிரெமன்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். கடன், கூலி, குடியிருப்பு மனை, பள்ளிக்கூடம் என்று ஒவ்வொன்றையும் விவரங்களோடு அடுக்கினார். வருவாய் வாரியம் அதை வரவேற்கவில்லை, பெரும்பாலானதைத் தள்ளிவிடவே பார்த்தது. ஆனாலும் அறிக்கை நின்றது. 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை வந்தது. தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கவும், அது மற்றவர் கைக்குப் போகாமலிருக்க நிபந்தனை வைக்கவும் அதிலிருந்துதான் வழி பிறந்தது. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் சொல்வது அதைத்தான். அது நம் மாவட்டத்து அறிக்கையில் முளைத்தது என்பது நம் பிள்ளைகளுக்கே தெரியாமல் இருக்கிறது.

கதை அதோடு முடியவும் இல்லை. திருப்போரூரை அடுத்த காரணை கிராமத்தின் பஞ்சமி நிலத்தைத் திரும்பக் கேட்டு நடந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்து இருவர் இறந்தார்கள். அரசாணைக்கு 102 ஆண்டுகளுக்குப் பிறகு, அந்த ஆணை சொன்ன நிலத்தைக் கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில் அது. நிதானம் கீழே இருப்பவனுக்கு மட்டும் விதிக்கப்பட்ட கடமை இல்லை. நீதிமொழிகள் 16ஆம் அதிகாரமே, கோபத்தை அடக்குகிறவன் பட்டணத்தைப் பிடிக்கிற வீரனைவிடச் சிறந்தவன் என்ற பொருளில் சொல்கிறது. அது பட்டணத்தைப் பிடிக்கும் பலம் உள்ளவனைப் பார்த்துச் சொன்னது.

எனக்குத் தெரிந்த முடிவு

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், அமைதியான பதில் என்பதில் மூன்று விஷயங்கள் அடங்கியிருக்கின்றன.

முதலாவது, இடம். கோபத்தைப் பார்த்து உங்கள் பொறுப்பையோ, உங்கள் நியாயத்தையோ விட்டுவிடாதீர்கள். ராஜினாமாக் கடிதத்தைக் கோபத்தில் எழுதாதீர்கள். விலகித்தான் ஆக வேண்டும் என்றால், சினம் ஆறிய பிறகு, யோசித்து விலகுங்கள்.

இரண்டாவது, உண்மை. மெதுவாகப் பேசுவது ஆமாம் போடுவதற்கு மறுபெயர் இல்லை. கோவூர் கிழார் ஆமாம் போடவில்லை, சுவார்ட்ஸ் ஐயர் போடவில்லை, மதுராந்தகத்து அர்ச்சகர்களும் போடவில்லை. குரலைத்தான் தாழ்த்தினார்கள், சொல்ல வேண்டியதைத் தாழ்த்தவில்லை.

மூன்றாவது, காலம். ராத்திரி ஒன்பது மணிக்கு வரும் கோபமான செய்திக்கு ஒன்பது மணி ஒரு நிமிடத்தில் பதில் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நேபுகாத்நேச்சார் ஞானிகளையெல்லாம் கொல்லச் சொல்லி ஆள் அனுப்பியபோது தானியேல் வந்தவனிடம் பக்குவமாகப் பேசி, பிறகு அரசனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கொஞ்சம் தவணை. அந்தத் தவணையில் அவன் உயிரும் மற்றவர்கள் உயிரும் பிழைத்தன.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. உங்களை அடிக்கிறவரிடம், உங்கள் மானத்தைக் குறிவைக்கிறவரிடம், பிறர் உரிமையைப் பறிக்கிறவரிடம் நிதானம் என்ற பெயரில் பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள். அங்கே நிதானம் என்பது எழுத்தில் புகார் கொடுப்பது, சாட்சியைச் சேர்ப்பது, சட்டத்தை நாடுவது, துணைக்கு ஆள் கூப்பிடுவது. பக்கத்து மேசைக்காரர் திட்டு வாங்கும்போது நீங்கள் ஒரு சொல் நிதானமாகச் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். அபிகாயிலும் கோவூர் கிழாரும் தங்களுக்காகப் போய் நிற்கவில்லை.

ஒரு கடைசி வார்த்தை. உங்களில் பலர் இப்போது நீங்களே மேலதிகாரிகள், மேலாளர்கள், தலைமை ஆசிரியர்கள். வீட்டில் மாமனார், மாமியார். இந்தப் பதிவைப் படித்துவிட்டு உங்கள் மேலதிகாரியை மட்டும் நினைத்துக்கொண்டவர்கள் இன்னொரு முறை படியுங்கள். உங்கள் முன்னால் நிற்கிறவர் உங்கள் கோபத்துக்கு என்ன பதில் சொல்லலாம் என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கலாம்.

மதுராந்தகம் பக்கம் போனால் தாயார் சந்நிதிக் கல்வெட்டைப் படமெடுத்துப் பின்னூட்டத்தில் போடுங்கள். புள்ளலூர் பக்கம் இருப்பவர்கள், அந்தப் போரைப் பற்றி உங்கள் ஊரில் வாய்வழியாகச் சொல்லப்படும் செய்தி ஏதாவது இருந்தால் எழுதுங்கள். எல்லாரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்